மெட்டை எடுத்துவிட்டால்

எனக்குக் குரல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாட்டு எழுதுகிறவள் என்று தெரிந்ததும், எங்க, ரெண்டு வரி பாடுங்க கேப்போம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் வாயைத் திறந்தால் என் வீட்டுக்காரர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டுவிடுவார், தொட்டி நிரம்பி வழிந்தாலும் சரி. ஆனால் விருதுநகரில் எங்கள் தெருப் பெண்கள் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மருதாணி வைக்கிறபோது எந்தப் பாட்டைப் பாடுகிறார்களோ, அதை எழுதியவள் நான்தான். இதில் அடக்கமாகப் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பைத்து ஓதுவார்கள். அல்லாஹ்வையும் நபியையும் புகழ்ந்து முடித்த பிறகு கல்யாணப் பாட்டு. அது அந்தக் குடும்பத்துக்கென்றே புதிதாக எழுதப்பட வேண்டும். பெண்ணின் அத்தா என்ன வியாபாரம் செய்கிறார், மாப்பிள்ளை எந்த ஊர், மாமன்மார் என்ன சீர் கொண்டுவந்தார்கள், எல்லாம் அதில் வந்தாக வேண்டும். மாமனை விட்டுவிட்டுப் பாட்டு எழுதினால் அவர் மறுநாள் பிரியாணியில் கைவைக்காமல் எழுந்துபோவார். மாப்பிள்ளை வீட்டைக் கொஞ்சம் கேலி செய்யாவிட்டால் அவர்களுக்கே அது குறையாகத் தெரியும். மெட்டு மட்டும் சினிமாவிலிருந்து எடுப்போம், எல்லாருக்கும் தெரிந்த மெட்டாக.

பாட்டை ஒற்றைத் தாளில் அச்சடித்துப் பெண்கள் கையில் கொடுப்பது வழக்கம். தாளின் தலைப்பில் ‘மெட்டு’ என்று போட்டு, அந்தச் சினிமாப் பாட்டின் முதல் வரி இருக்கும். அதன் கீழே என் வரிகள். எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் மாமி ஒருவர் மைக்கைப் பிடித்து ஒரு வரி எடுத்துக்கொடுப்பார். கூடியிருக்கிறவர்கள் தாளைப் பார்த்து அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த மாமியின் குரலைக் கேட்டுத்தான் நான் எழுதவே ஆரம்பித்தேன். அந்தக் குரலுக்குப் பழைய தாள்களில் இருந்த வரிகள் போதாது என்று எனக்குத் தோன்றியது.

நான் பி.காம். படித்தவள். பகலில் எங்கள் எண்ணெய்க் கடையில் கல்லாவில் இருப்பேன். கடலைப் புண்ணாக்கு வாங்க வருகிறவர்களுக்கு நடுவில்தான் எதுகை தேடுவேன். ஒருமுறை நூலகத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். கூட்டம் முடிந்ததும் என் பாட்டுத் தாள்கள் சிலவற்றை அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். அதைச் சொல்ல வேண்டும், மேலோட்டமாகப் புரட்டித் தள்ளவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

“நல்லாத்தான் இருக்கு. ஆனா மெட்டை எடுத்துட்டா இதுல என்னம்மா மிஞ்சும்?”

கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. அதனால்தான் உறைத்தது. தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் வதக்கும்போது பதில் பதிலாக வந்தது. நம் பழைய பாட்டெல்லாம் யாழை வைத்துக்கொண்டு பாடியதுதானே, இசை போய்விட்டது, சொல் நிற்கிறது, அதைத்தானே நீங்கள் வகுப்பில் நடத்தினீர்கள்? தாலாட்டும் ஒப்பாரியும் என்ன, நோட்ஸ் எடுத்துப் படிக்கவா எழுதினார்கள்? சிவகாசிப் பேருந்து நிலையத்தில் ஒருநாள் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று நின்றது. உள்ளே வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள். யாரோ ஒருத்தியின் வளைகாப்புக்காக அவர்கள் பாடிப் பழகிக்கொண்டிருந்த பாட்டில் என் வரி இருந்தது. பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். எழுதியவள் இங்கன நிக்கேன் என்று கத்தலாம் போலிருந்தது. இதையெல்லாம் அந்தப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எவ்வளவு பதில் சேர்த்தாலும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. வேனில் வந்ததும் மெட்டோடுதானே வந்தது.

மெட்டை எடுத்துவிட்டுத்தான் என் பாட்டை ஒருத்தி இத்தனை காலமும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உடனே தோன்றவில்லை. அவள் என் அக்கா மகள்.

அவளுக்குக் காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் போனது. பேச்சும் அதிகம் இல்லை, கையால் பேசுவாள், இல்லாவிட்டால் போனில் எழுதிக் காட்டுவாள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனர் வேலை. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், டைரி அட்டை எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் உருவாகும். தமிழ்நாட்டில் நாங்கள் அச்சடித்த காகிதம் தொங்காத சுவர் கிடையாது என்று அவள் கையை விரித்துக் காட்டுகிறபோது எனக்கே மார்பு விம்மும். என் பாட்டுத் தாள் எல்லாவற்றையும் அவள்தான் கோத்து அச்சுக்கு அனுப்புகிறவள்.

அவளிடம் ஒரு விசேஷம் உண்டு. வீட்டில் நாங்கள் எல்லாரும் பேசுகிற மாதிரியே வாட்ஸ்அப்பில் எழுதுவோம். அவள் மட்டும் புத்தகத் தமிழில் எழுதுவாள். ‘சின்னம்மா, சாப்பிட்டீர்களா?’ என்று வரும். அவளுக்குத் தமிழ் காது வழியாக வந்ததில்லை, அச்சு வழியாக வந்தது. என் மகன்கள் அவளைச் செய்தி வாசிப்பவர் என்று கேலி செய்வார்கள். அவளும் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்து செய்தி வாசிக்கிற மாதிரி நடித்துக் காட்டுவாள்.

சண்டை வந்தது உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில். பாட்டை எழுதிக் கொடுத்திருந்தேன். தாள் அச்சாகி வந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, நேராக மண்டபத்துக்குப் போய்விட்டது. மாமி முதல் வரியைத் தன் ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார்.

‘பொன்னான மாப்பிள்ளை நல்ல நல்ல மாப்பிள்ளை தானே, பூவான பொண்ணுக்கு ஏத்த ஏத்த மாப்பிள்ளை தானே.’

தாளில் இருந்ததோ, ‘பொன்னான மாப்பிள்ளை, பூவான பொண்ணுக்கு ஏத்த மாப்பிள்ளை’ என்பது மட்டும். பாதிப் பேர் மாமியோடு போனார்கள். மீதிப் பேர் தாளோடு போனார்கள், சொல் தீர்ந்துபோய் நடுவழியில் நின்றார்கள். அடுத்த வரியிலும் அதே கதை. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, “என்ன, பொண்ணு வீட்டுல பாட்டுக்கே தட்டுப்பாடா?” என்று சத்தமாகக் கேட்டாள். சிரிப்பு எழுந்தது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அங்கிருந்தே அக்கா மகளுக்கு எழுதினேன். யாருடி என் பாட்டுல கைவச்சது என்று. பதில் வந்தது.

‘நான்தான் சின்னம்மா. வரிகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்களுக்குத் தெரியாது. அதனால் பொருள் இல்லாத சொற்களை எடுத்துவிட்டேன். பொருள் மாறவில்லை.’

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘அது பாட்டுடி. பாடுறவுகளுக்கு மூச்சுவிட எடம் வேணும். அதுக்குத்தான் அந்தச் சொல்லு’ என்று எழுதினேன்.

அவள் கேட்டாள்: ‘மூச்சு விடுகிற இடத்தில் ஏன் சொல்லை வைக்கிறீர்கள்?’

நான் போனை அணைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து, மெட்டு எதையும் நினைக்காமல், நாளிதழ் படிக்கிற மாதிரி படித்துப் பார்த்தேன். அவள் வெட்டியது நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. அவளோ தினமும் காலையில் ‘சாப்பிட்டீர்களா?’ என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, சாப்பிட்டேன் என்று மட்டும் அனுப்புவேன்.

இப்படி நாங்கள் முறைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவளுக்கு வரன் வந்தது. அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையனுக்குக் காது கேட்கும், எல்லாம் சரியாக இருந்தது. அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு, வீடியோ பார்த்துக் கைமொழி கற்றுக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார்கள். அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. பெண் பார்க்க வந்த அன்று அவன் வெள்ளைச் சட்டையோடு, தன் அம்மாவோடு வந்து இறங்கினான்.

மச்சானுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அது புது வத்தல் வரத்து ஏறியிருந்த நேரம், குடோன் நிறைந்து, மூட்டைகள் வீட்டு முன்னறை வரை வந்துவிட்டன. எங்களுக்கு அந்தக் காரம் தெரியாது, பிறந்ததிலிருந்து அதைத்தானே சுவாசிக்கிறோம். துணி வாசத்தில் வளர்ந்த பையன் பாவம், உட்காரும் முன்னே கண் கலங்கிவிட்டது. என் மகன்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தும் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. கைக்குட்டைக்குள்ளேயே தும்மி, மூக்கையும் கண்ணையும் துடைத்துத் துடைத்து முகம் சிவந்துபோனான். தும்மலின் சத்தம் கேட்டிருந்தால் அவளுக்கு விஷயம் புரிந்திருக்கும். அவள் கண்ணுக்குத் தெரிந்தது அழுகிற ஒரு ஆள் மட்டும். என் சேலையைப் பிடித்து இழுத்துப் போனை நீட்டினாள்.

‘அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருக்கிறார்களா?’

நான் அதை அப்படியே மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவன் அழுதுகொண்டே சிரித்தான், தன் போனில் எழுதி அவளிடம் நீட்டினான். ‘எனக்குச் சம்மதம். கண்ணீருக்குக் காரணம் மிளகாய்.’ அவளுடைய தமிழிலேயே எழுதியிருந்தான். அந்த இடத்திலேயே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசாதவர். தடித்த கண்ணாடி போட்டிருந்தார், கையில் எது கிடைத்தாலும் படிக்கிற ஆள், மிக்சர் கொடுத்த தட்டுக்கு அடியில் இருந்த தாளைக்கூட உருவிப் படித்தார். கிளம்பும் நேரம் அவர் பூ கொடுக்கக் கூப்பிட்டார், “இங்கன வாம்மா.” அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள், அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பழக்கதோஷம், கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. முகம் சுருங்கிப் போய்ப் பூவை மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்த அறையின் லைட்டைப் போட்டு அணைப்போம், திரும்பிவிடுவாள். வந்தவர்கள் முன்னால் அதைச் செய்ய அக்காவுக்குக் கூச்சம். அவசரமாகப் போய்த் தோளைத் தொட்டு அழைத்துவந்தாள்.

நாள் குறித்தாகிவிட்டது. யாரும் கேட்காமலே நான் பாட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். தெருவில் எல்லார் வீட்டுப் பெண்ணுக்கும் எழுதியவள், என் அக்கா மகளுக்கு எழுதாமல் இருப்பேனா. அப்போதுதான் அவளிடமிருந்து இந்தச் செய்தி வந்தது.

‘சின்னம்மா, என் கல்யாணத்துக்குப் பாட்டு வேண்டாம். வருத்தப்படாதீர்கள். எல்லாரும் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற கல்யாணங்களில் அப்படித்தான் இருக்கிறேன். என் கல்யாணத்தில் முடியாது.’

அன்றைக்குக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு நல்லெண்ணெய்க்குப் பதில் கடலெண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அவள் எல்லாக் கல்யாணங்களிலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் எழுதிய கேலிக்கு அவளும் சிரிக்கிறாள் என்று எவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டுப் போனார். அவளுக்கோ அது வாழ்க்கை. மெட்டை எடுத்துவிட்டால் என் பாட்டில் அவளுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் நான் ஊருக்கெல்லாம் பாட்டு எழுதியதில் எனக்கு என்ன மரியாதை?

அவளுக்கு எழுதினேன்: ‘பாட்டு எழுதுறேன். நீ படிச்சுப் பாரு. புடிக்கலைன்னா அச்சடிக்காத. மாமியை வெறும் பைத்தோட முடிச்சுக்கச் சொல்லிருதேன்.’ அதற்கு அவள் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினாள்.

எழுதினேன், அடித்தேன், எழுதினேன். எங்கெல்லாம் என் கை தானாக ‘நல்ல’ என்றும் ‘அந்த’ என்றும் ‘தானே’ என்றும் போகிறதோ, அங்கெல்லாம் நிறுத்தினேன். மெட்டில் எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய இம்சை. அசை குறையும்போது எதையாவது அள்ளிப் போட்டு நிரப்புவதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள். நிலா, முத்து, தேன் எல்லாம் அந்த வகைதான், எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பெண்ணுக்கும் சேராது. அவற்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க ஒரு உண்மையான விஷயம் வேண்டும். மூச்சுக்கு மாமியிடமே போனேன். மிஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரியாகப் பாடிப் பார்த்தார்.

“எங்கன மூச்சு விடுவீக மாமி?”

“பொருளு முடியிற எடத்துல விட்டுக்கிருதேன். முன்னாடியெல்லாம் அதுக்கு நீ எடமே குடுக்கலையே.”

மாமியும் இப்படிச் சொல்லிவிட்டார். வீட்டிலோ தெருவிலோ என்னை யாரும் ஏமாற்றி வைத்திருந்ததில்லை, கேட்டிருந்தால் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

முடிவில் வைத்த நாலு வரிதான் எனக்கு உயிர்:

கூப்பிட்டும் திரும்பலைன்னா கோவமின்னு எண்ணாதீக
சாப்பிட அழைக்கையிலும் சத்தம் போட்டுக் களைக்காதீக
லைட்டு ரெண்டு தடவ மின்னி அணைஞ்சாப் போதும் மாமியாரே
வீட்டு மூலை எங்கிருந்தும் சிரிச்ச முகம் திரும்பிவரும்

அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

“கேலி எல்லாம் சரி. இது வேண்டாண்டி. வீட்டுக்குள்ள லைட்டைப் போட்டு அணைக்கிறதைப் போயி மைக்குல பாடணுமா? அம்புட்டுப் பேரும் அவ காதைத்தானே பாப்பாக?”

“நிலா, முத்துன்னு பாடி அனுப்புறேங்க்கா. அங்கன போனதும் அவளை எப்படிக் கூப்பிடுவாக?”

“அதை நான் தனியாச் சொல்லிக்கிருவேன்.”

“இத்தனை நாள்ல சொல்லிருக்கியா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அக்காவை அழவைத்துவிட்டோமே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வரியை எடுக்க மனம் வரவில்லை. எடுப்பதா வைப்பதா என்பதைக் கல்யாணப் பெண்ணே சொல்லட்டும் என்று பாட்டை முழுசாக அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் வரவில்லை. காலண்டர் சீசன், அச்சகத்தில் இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்தி வைப்பதுமாக இருந்தேன். காலையில் வருகிற ‘சாப்பிட்டீர்களா?’ கூட வரவில்லை. பிடிக்கவில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, பைத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்ல மாமி வீட்டுக்குச் செருப்பை மாட்டியபோது போன் அதிர்ந்தது.

அச்சுக்குத் தயாரான தாள். ஓரத்தில் பூவேலை எதுவும் போடவில்லை. தலைப்பில் ‘மெட்டு’ என்று போடுகிற இடம் காலியாக இருந்தது, அந்த வரியை அவள் எடுத்துவிட்டிருந்தாள். கடைசி நாலு வரி அப்படியே இருந்தது. கீழே எழுதியிருந்தாள்:

‘சின்னம்மா, வரிகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எடுப்பதற்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அதனால் தாளைப் பெரிதாக்கிவிட்டேன்.’

எந்த மேடையில் எனக்கு யார் பொன்னாடை போர்த்தினாலும் இதற்கு ஈடாகாது. தெருவில் நின்றுகொண்டே அதை எத்தனையோ தடவை படித்தேன். மாமியிடம் போய்ப் படித்துக் காட்டினேன், வீட்டுக்காரரிடம் காட்டினேன், புண்ணாக்கு வாங்க வந்தவரிடம்கூடக் காட்டியிருப்பேன், அவர் அவசரத்தில் இருந்தார்.

மருதாணி நாள் வந்தது. மாலை மஹ்ரிப் தொழுகை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள், மாப்பிள்ளையின் அம்மா நடுவில். பெரிய தாளை எல்லாருக்கும் கொடுத்தார்கள். அவள் மேடையில் பட்டுச் சேலையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை ஈர மருதாணி. அந்தக் கோலத்தில் அவளால் கையால் பேச முடியாது, போனைத் தொட முடியாது, தாளைப் பிடிக்கவும் முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

பைத்து முடிந்தது. மாமி தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

வெள்ளைச் சட்டை போட்டுவந்து வாசலிலே நின்னவரே

மண்டபம் திருப்பிப் பாடியது.

உள்ளே வந்து உக்காரும்முன் கண்ணு ரெண்டும் கலங்கியதேன்

மண்டபம் திருப்பிப் பாடியது. மாப்பிள்ளை வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்த்த அன்று நடந்தது அங்கே யாருக்கும் தெரியாது, வந்த இருவருக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

பொண்ணு முகம் பார்த்தவுடன் பொங்கிவந்த கண்ணீரா

இதை மண்டபம் திருப்பிப் பாடிக்கொண்டிருக்கும்போது பெண் சிரித்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. அவள் குரல் வெளியே வந்தது, கொஞ்சம் கரகரப்பாக, அளவு தெரியாமல். எங்கள் வீட்டுக்குள் மட்டும் சிரிக்கிற சிரிப்பு அது. வெளியிடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தோள் குலுங்கியது, மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மண்டபம் இன்னும் மூன்றாவது வரியில் இருந்தது. அவள் கண் தாளில் மூன்று வரி கீழே இருந்தது.

மாமி பாட்டை நிறுத்தினார். எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள், பிறகு தாளைப் பார்த்தார்கள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரிய வேண்டுமே. அத்தனை பெண்களும் தலைகுனிந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அங்கங்கே உதடுகள் அசைந்தன.

அண்ணன்மாரு தண்ணி தந்தும் அடங்காத கண்ணீரா
அழுதுகிட்டே சம்மதிச்ச ஆம்பளைய யாரு கண்டா
அழவச்சது பொண்ணு இல்ல, அடுக்கி வச்ச வத்தல் மூட்டை

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. பிறகு அடுத்த வரிசையில். வேகமாகப் படிக்கிறவர்கள் முதலிலும் மெதுவாகப் படிக்கிறவர்கள் பிறகுமாக அந்த மண்டபமே சிரித்தது. யாரும் பாடவில்லை. ஒரு மெட்டும் இல்லை. நான் தாளைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேராசிரியரே, இது மிஞ்சியது என்று மனசுக்குள் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்தில் வத்தல் மூட்டை எதுவும் இல்லை.

“அம்புட்டுப் பேரும் படிச்சு முடிச்சுட்டீகளா? இப்ப நான் பாடவா வேண்டாமா?” என்று மாமி மைக்கில் கேட்டார். பாடுங்க, பாடுங்க என்றார்கள். மாமி விட்ட இடத்திலிருந்து எடுத்தார். தெரிந்த கேலியை மெட்டோடு கேட்கிறபோது அவர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள். அதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மாமியின் குரலில் அது வேறு ஒரு அழகு.

அடுத்து மாமன்மார் வரிகள், சீர் வரிகள். நான் அக்காவைப் பார்த்தேன். கடைசி நாலு வரி நெருங்க நெருங்க அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மாமன்மாருடைய பெருமையை மண்டபம் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசையின் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மாவைக் காணவில்லை.

மண்டபத்து விளக்குகள் எல்லாம் அணைந்தன. எரிந்தன. மறுபடி அணைந்து எரிந்தன.

பாட்டு அறுந்தது. “கரண்ட் போயிட்டு வருது” என்றாள் ஒருத்தி. “ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்க” என்றாள் இன்னொருத்தி. மின்விசிறிகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

வாசல் பக்கத்துச் சுவிட்ச் போர்டுக்கு முன்னால், ஒரு கையில் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டபடி மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். இன்னொரு கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அவர் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகச் செய்தோமா என்று கேட்கிற முகத்தோடு.

பெண் அதற்குள் சிரித்த முகத்தோடு வாசல் பக்கம் திரும்பியிருந்தாள். அத்தனை பேர் இருந்த அந்த மண்டபத்தில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.